மருமகனுக்கு ஒரு கோழி

அத்தியாயம் 11

சாஹுல் ஹமீதின் மனைவி கைரியா ஒரு கூடையைப் பார்த்துக் கண்கலங்கி நின்ற இடத்தில் போன வாரம் நிறுத்தினேன். கூடையைப் பார்த்து யாராவது அழுவார்களா என்று உங்களில் சிலர் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். வத்தேகமையில், புடவைக்கடை சாஹுல் ஹமீது வீட்டுப் பின்வளவில் அழுவார்கள். ஏன் என்று சொல்லிவிட்டே மேலே போகிறேன். இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் விழிக்கக் கூடாது.

கண்ட இடத்திலும் கிளறித் தின்று திரிந்த கோழியைப் பிடித்த கையோடு அறுப்பது நம்மவர் வழக்கமில்லை. மூன்று நாள் கூடையால் கவிழ்த்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்து, சுத்தமான நெல்லும் தண்ணீரும் கொடுத்து வைத்திருந்துதான் அறுப்பார்கள். ஆகவே ஒரு வீட்டுப் பின்வளவில் கல் வைத்த கூடை தெரிந்தால், மதிப்பான விருந்தாளி யாரோ வரப்போகிறார் என்று வேலிக்கு அந்தப்பக்கமும் தெரிந்துவிடும்.

இந்த வீட்டுக்கு வர வேண்டிய விருந்தாளி மருமகன் றவூப். பிலிமத்தலாவையில் பாக்கு, மிளகு வியாபாரம். மகள் அனீஸா அவனை விட்டு வாப்பா வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. போன முறை அவன் வந்தபோது அறைக் கதவைச் சாத்திக்கொண்டவள், அவன் போகும் வரைக்கும் திறக்கவேயில்லை. இந்த முறையும் அவள் வெளியே வராவிட்டால் இரண்டு ஊர்ப் பள்ளிவாசல் பெரியவர்களும் உட்கார்ந்து விஷயத்தை முடித்து வைத்துவிடுவார்கள். முடித்து வைப்பது என்றால் தலாக்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

“மருமகன் வாறாராம், கோழி ஒண்டப் புடிச்சுக் கவுத்து வை” என்று கைரியா மகளிடம் சொல்லியிருந்தாள். வழக்கம்போல் அனீஸா வாயே திறக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் கூடை கவிழ்ந்திருந்தது. மேலே கல். பக்கத்தில் சிரட்டையில் தண்ணீர். கைரியாவுக்கு வேறென்ன வேண்டும்! மகள் தன் கையாலேயே புருஷனுக்குக் கோழி கவிழ்த்து வைத்திருக்கிறாள், மனம் இறங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று அங்கேயே நின்று அழுதாள். கூடையைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் கண்பட்டுவிடுமாம்.

அதோடு விட்டாளா? புருஷனிடம் சொன்னாள். சாஹுல் ஹமீது கடைக்கு வந்த பிலிமத்தலாவை ஆள் ஒருவரிடம் சொல்லியனுப்பினார். சேதி றவூப் காதுக்குப் போனது. வருவதா விடுவதா என்று தயங்கிக்கொண்டிருந்தவன், அதைக் கேட்டுத்தான் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தான்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்று காலை மாத்தளை ரயிலில் வருகிறான்.

அவன் வந்து சேர்வதற்குள் அனீஸாவின் கோழிகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். போன முறை கோழிகளுக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை என்று எனக்கு ஒரு குறை.

காய்ச்சல் வருஷத்தில் இந்தப் பக்கத்தில் குழந்தையைப் பறிகொடுக்காத வீடுகள் குறைவு. அனீஸாவின் மகன் ஜமால் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். காய்ச்சல் அவனைக் கொண்டுபோன அன்று றவூப் பாக்கு லொறியோடு கொழும்பில் இருந்தான். தந்தி போய், அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. நம்மில் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியுமா? மகனின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

அதற்காக அனீஸா கோபிக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவன் ஒரு நாள்கூட அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. கடையைத் திறந்தான், பாக்கு நிறுத்தான், வந்து சாப்பிட்டான், படுத்தான். இவனுக்கு நெஞ்சில் கல்லா வைத்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வாப்பா வீட்டுக்கு வந்து படுத்தவள் எழும்பவில்லை.

சாஹுல் ஹமீதுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. புடவை கிழிக்கத் தெரியும், விலை பேசத் தெரியும். ஒரு நாள் தோட்டத்துத் துரை பங்களாவில் விற்ற வெள்ளை லெகோன் கோழி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மகளின் கட்டிலடியில் விட்டார். அதன் சிவந்த கொண்டை ஒரு கண்ணை மறைத்துச் சாய்ந்து தொங்கியது. அது அறையைச் சுற்றி நடந்து, எல்லாவற்றையும் குறை கண்ட மாதிரிப் பார்த்து, அனீஸாவின் தலையணையில் ஏறி நின்றது. அன்றைக்குத்தான் அவள் எழும்பினாள், அதை விரட்டுவதற்கு. பிறகு தீனி போடுவதற்கு எழும்பினாள். துரைச்சாணி என்று பெயரும் வைத்தாள்.

அதைக் கண்டுவிட்டு அந்த மனுஷன் சும்மா இருப்பாரா? கட்டம் போட்ட சாம்பல் கோழி ஒன்று வந்தது. அதற்குப் பெயர் சாரம், தன் கடையில் விற்கிற சாரத்துணி மாதிரியே இருக்கிறது என்று அவரே வைத்தார். செங்கல் நிறத்தில் றோட் ஐலண்ட் சேவல் வந்தது. நடையைப் பார்த்து முதலாளி என்று பெயரானது. இறகெல்லாம் தலைகீழாக வளைந்த சுருட்டை வந்தது. கடைசியாகக் கழுத்தில் இறகே இல்லாத நாட்டுக்கோழி ஒன்று, மொட்டையம்மா. கைரியாவுக்கு ஒன்றையும் மற்றதையும் வித்தியாசம் தெரியாது. அவளுக்கு எல்லாமே வீட்டுக்கு வந்த தொல்லைகள், முசீபத்துகள்தான். ஆனாலும் மகள் எழும்பி நடமாடுகிறாளே என்று வாயை மூடிக்கொண்டாள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. துரைச்சாணிக்கு முட்டையிடத்தான் தெரியும், அடை கிடக்கத் தெரியாது. சாரமும் அப்படித்தான், நாலு நாள் இருந்துவிட்டு எழும்பிப் போய்விடும். அடைக்கென்றே பிறந்தவள் மொட்டையம்மா. ஆகவே அனீஸா எல்லாருடைய முட்டையையும் சேர்த்து அவளுக்குக் கீழே வைத்திருந்தாள். மற்றதுகள் சும்மா இருந்ததா? மொட்டையம்மா இருக்கும் இடத்திலேயே தங்களுக்கும் முட்டையிட வேண்டுமென்று ஏறி மிதித்தன. முட்டைகள் உடைந்துவிடுமென்று பயந்து அனீஸா அவள்மேல் கூடையைக் கவிழ்த்து, தட்டி விடாதிருக்கக் கல்லையும் வைத்தாள்.

அதாவது அந்தக் கூடைக்கும் றவூப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உம்மா சொன்னது அவள் காதில் ஏறினதா என்பதே எனக்குச் சந்தேகம்.

இப்போது றவூப் வந்துவிட்டான்.

கைரியா முன் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள், பிலிமத்தலாவையில் மழை எப்படி என்று விசாரித்தாள். சம்பந்தி ருக்கியாவின் மூட்டுவலியை விசாரித்தாள். அவள் கண் மட்டும் வாசல் படலைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. கோழியை ஓதி அறுக்க வருவதாகச் சொன்ன பள்ளிவாசல் லெப்பை தெல்தெனியப் பக்கம் ஒரு மையித்துக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. பெண்கள் அறுப்பதும் வழக்கமில்லை; சாஹுல் ஹமீது கடையை விட்டுப் பகல் ளுஹர் தொழுகைக்குத்தான் வருவார். அவர் வந்து அறுத்து, உரித்து, வெட்டி, ஆக்கி எப்போது வைப்பது? கொஞ்ச நேரம் பொறுத்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு எந்த மாமியும் செய்யாத காரியத்தைச் செய்தாள்.

“மகன், செல்லவே வெக்கமா ஈக்கி. லெப்பை வரல்ல. கோழி ரெடியா கூடைக்குள்ள ஈக்கி. நீங்களே கொஞ்சம் அறுத்துத் தந்தா...”

உலகத்தில் எங்காவது மருமகனுக்கான கோழியை மருமகன் கையாலேயே அறுக்கச் சொன்னதுண்டா? றவூப்புக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சகுனம் என்றுகூட நினைத்திருப்பான். சட்டைக் கையை மடித்துவிட்டு, கத்தியையும் தண்ணீர்ச் செம்பையும் வாங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனான்.

அறை ஜன்னல் வழியாக அனீஸா பார்த்தாள்.

அவன் கையில் கத்தி. அவன் முன்னால் அவளுடைய கூடை. ஓடிக் குசினி வாசல் வரைக்கும் வந்தாள். கத்த வேண்டும். வாய் வரவில்லை. அவனோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

றவூப் கல்லை இறக்கி வைத்தான். கூடையின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டான். மொட்டையம்மா உடம்பை இரண்டு மடங்காக ஊதிக்கொண்டு ஒரு கொத்துக் கொத்தினாள். கையை இழுத்துக்கொண்டு குனிந்து பார்த்தான்.

வயிற்றுக்குக் கீழே முட்டைகள். பால் வெள்ளையில் சில, மண் நிறத்தில் சில, இரண்டுக்கும் நடுவில் சில. பாக்கைப் பார்த்தே எந்தத் தோட்டத்தது என்று சொல்லக்கூடிய வியாபாரி அவன். ஒரு கோழி இப்படி மூன்று நிறத்தில் முட்டையிடாது. யாரோ பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று உடனே விளங்கியது. கூடவே மற்றதும் விளங்கியது. இது அறுக்கக் கவிழ்த்த கூடை இல்லை. அவனுக்காக இந்த வீட்டில் யாரும் எதையும் கவிழ்த்து வைக்கவில்லை. அவள் அவனைக் கூப்பிடவேயில்லை.

பிறகு கத்தியைப் புல்லில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கூடைக்குள் காதைக் கொடுத்தான். என்னத்தைக் கேட்டானோ, அனீஸாவுக்குத் தெரியவில்லை. மெதுவாகக் கூடையை இறக்கினான். கல்லை எடுத்து, சத்தம் வராமல் மேலே வைத்தான்.

குசினிக்கு வந்தவன், கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற அனீஸாவைக் காணவில்லை. கத்தியை மாமியிடம் கொடுத்தான்.

“மாமி, மறந்தே பெய்த்திட்டேன். வைத்தியர் கோழி எறச்சி கூடாதெண்டு செல்லியிருக்கார். சூடாம்.”

கைரியாவின் முகம் விழுந்துவிட்டது. கலியாண விருந்தில் கோழிக் காலை எடுத்து வைக்க வைக்க ஒரு முறைகூட வேண்டாமென்று சொல்லாத மருமகன் இவன். சரி, முட்டையாவது பொரிக்கிறேன் என்றாள். முட்டையும் சூடாம். அப்படியானால் என்னதான் சாப்பிடுவீர்கள் என்று கேட்டபோது, கத்தரிக்காய் போதும் என்றான். எப்பேர்ப்பட்ட வைத்தியர் அவர் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

கதவுக்குப் பின்னால் அனீஸா இதையெல்லாம் கேட்டாள். அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தது. யாருக்காகச் சொல்கிறான் என்பதுதான் உடனே தெரியவில்லை.

பகல் சாப்பாட்டில் பருப்பும் கத்தரிக்காயும் கருவாடும் இருந்தன. சாஹுல் ஹமீது நடுவில் வைத்த சோற்றுச் சகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடியும் சகனைப் பார்த்தார். மருமகனுக்குக் கருவாடு போட்ட வீடு என்று ஊர் சொல்லுமே என்ற கவலை அவருக்கு. கைரியா வைத்தியர் கதையைச் சொன்னாள். றவூப் கருவாட்டைப் புகழ்ந்து புகழ்ந்து சாப்பிட்டான். அனீஸா சாப்பிட வரவில்லை.

சாப்பிட்டு முடித்து சாஹுல் ஹமீது கடைக்குப் போகக் கிளம்பினார். படலையடியில் மருமகன் தோளைப் பிடித்து, அவளிடம் பேசிப் பார்த்தாயா என்று தணிந்த குரலில் கேட்டார். பேசுவதற்கு ஒன்றுமில்லை மாமா, சாயந்தர ரயிலில் போகிறேன், பெரியவர்கள் சொல்கிறபடி நடக்கட்டும் என்றான் றவூப். சாஹுல் ஹமீதுக்குக் கண் கலங்கிவிட்டது. சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நீங்கள் பிறகு என்னோடு சண்டைக்கு வருவீர்கள். பிலிமத்தலாவையில் ருக்கியா சும்மா மூட்டைத் தேய்த்துக்கொண்டு இருக்கவில்லை. மகன் வெறுங்கையோடுதான் திரும்புவான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். தெல்தெனியவில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பார்த்து, நாளைக்குப் பெண் வீட்டாரை வீட்டுக்கும் வரச் சொல்லியிருக்கிறாள். றவூப்புக்கு இது தெரியாது. நமக்குள் இருக்கட்டும்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. றவூப் பின்வளவுக்குப் போனான். விறகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி சேவல் வந்து அவன் சப்பாத்தைச் சோதித்துவிட்டுப் போனது. துரைச்சாணி ஒற்றைக் கண்ணால் அவனை முறைத்துவிட்டு, கூடையைச் சுற்றி வழி தேடியது.

“அதை வெரட்டுங்க. உள்ளுக்குப் போகப் பாக்கும்.”

திரும்பினான். அனீஸா நின்றாள். அவள் மெலிந்திருந்தாள். அவன் எழும்பித் துரைச்சாணியை விரட்டினான். அது போகவில்லை. அவளே வந்து தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் கூடை.

“இது அறுக்கிறதுக்கு வச்சதில்ல” என்றாள்.

“தூக்கினோடன வெளங்கிச்சு.”

“பொறகு ஏன் வைத்தியர் எண்டு பொய் சென்னீங்க?”

உண்மையைச் சொன்னால் மாமி உடைந்துபோய்விடுவாள், பிறகு உன்னைத்தான் ஏசுவாள் என்றான் அவன். நீ கவிழ்த்து வைத்ததாக நினைத்துத்தான் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், நானும்தான் என்றான். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் கோழியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, காலையில் கூடைக்குள் என்னத்தைக் காது கொடுத்துக் கேட்டீர்கள் என்று கேட்டாள்.

“ஒரு முட்டைக்குள்ள குஞ்சு கத்துது. சின்னச் சத்தம். நாளைக்குள்ள வந்திரும் போல.” றவூப் கூடையின் விளிம்பைத் தடவினான். “ஜமால் பொறந்த அண்டைக்கும் நான் இப்பிடித்தான், கதவுல காத வச்சிட்டு நிண்டேன். அவன்ட முதல் சத்தத்த நான்தான் வெளியில நிண்டு கேட்ட.”

ஜமால்.

அந்த மரணத்துக்குப் பிறகு இந்த மனுஷன் வாயிலிருந்து அந்தப் பெயரை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. அனீஸா விறகுக் கட்டையில் உட்கார்ந்தாள். துரைச்சாணியின் இறகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கோழி நல்ல கோழி, அசையாமல் இருந்தது.

“பேரச் சென்னா நீ தாங்க மாட்டாய் எண்டு நெனச்சேன்” என்றான் றவூப். “அதுதான் வாயத் தெறக்கல்ல.”

“நீங்க செல்லாம ஈந்ததுதான் எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு.”

அவனும் அழுதான். மகனை அடக்கிய இடத்தில் நின்றபோதுகூட அழாதவன், கோழிக் கூட்டத்துக்கு நடுவில் புதுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதான். மகனின் முகத்தைப் பார்க்காத கதையை அவன் சொல்ல, கடைசி நாளில் பிள்ளை யாரைத் தேடியது என்பதை அவள் சொன்னாள். வாப்பாவைத் தேடியிருந்தது. அதை அவனிடம் சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்தாள். சொன்ன பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் லேசாக மூச்சு விட்டார்கள்.

ரயிலுக்கு நேரமாகிறது என்று றவூப் எழும்பினான். மனமில்லாமல்தான் எழும்பினான்.

அனீஸா துரைச்சாணியைக் கீழே விட்டாள். கொட்டிலுக்குள் போய் இன்னொரு கூடையை எடுத்து வந்தாள். கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாரத்தைப் பார்த்தாள், சாரம் அவள் காலடியில் வந்து நின்றது. சுருட்டையைப் பார்த்தாள். முதலாளியை நீண்ட நேரம் பார்த்தாள். முதலாளி அவள் கையிலிருந்து நெல் பொறுக்கித் தின்னப் பழகினவர். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டால் இதுதான் தொல்லை.

கடைசியில், குசினி ஜன்னலுக்கு நேராக, நடு முற்றத்தில் அந்தக் கூடையை வெறுமையாகவே கவிழ்த்தாள்.

“உள்ளுக்கு ஒண்டுமில்லையே” என்றான் றவூப்.

“வாப்பா நாளைக்குச் சந்தையில ஒண்டு வாங்கித் தருவார். மூணு நாள் வச்சுத்தான் அறுக்கணும்.” அவனைப் பார்க்காமல் சொன்னாள். “உங்கட வைத்தியர் அதுக்குள்ள ஓமெண்டு செல்லிருவார்தானே?”

றவூப் சுற்றிப் பார்த்தான். கிணற்றடியில் ஒரு நல்ல கல் கிடந்தது. போய் எடுத்து வந்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக் கூடைமேல் வைத்தாள்.

குசினி ஜன்னலில் இதைக் கண்ட கைரியா, அடுப்பில் வைத்ததை வைத்தபடியே ஓடி வந்தாள். இந்த முறை கண்பட்டாலும் பரவாயில்லை என்று கூடையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே புல்தான் இருந்தது. மகளைப் பார்த்தாள், அழுது வீங்கிய முகம். மருமகனைப் பார்த்தாள், அவனும் அப்படித்தான். கூடையைப் பழையபடி கவிழ்த்து, கல்லைச் சரியாக நடுவில் நகர்த்தி வைத்துவிட்டு, மருமகனுக்குப் படுக்கப் புதுப் பாய் எடுக்க உள்ளே போனாள்.

கண்டிக்குப் போகும் சாயந்தர ரயில் ஊதிக்கொண்டு போனது. பின்வளவில் இருந்த இரண்டு பேரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை; மொட்டையம்மாவின் கூடைக்கு இரண்டு பக்கமும் குனிந்து, குஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரயிலில் மகன் வந்துவிடுவான் என்று பிலிமத்தலாவையில் ருக்கியா முற்றத்தைப் பெருக்கி முடித்திருந்தாள். ஒரு காகம் இறங்கினாலும் அவள் கல்லெடுக்கிற முற்றம் அது. தெல்தெனியக்காரர் காலையிலேயே வந்துவிடுவார்கள். அவர்களுக்கென்று அவளும் மூன்று நாளாக ஒரு சேவலைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.